மின்னூலகவழி மொழி கற்றல்: மலையாளம்

இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் அகராதி, இலக்கணம், உரைநடை நூல்களை வைத்துக்கொண்டு ஒரு மொழியைத் தானே படித்துக்கொள்வது மின்னூலகவழிக் கற்றல். இன்டர்நெட் ஆர்க்கைவ், விக்கிமூலம் போன்ற நூலகங்களில் எந்த நூல் இருக்கும் என்பதை மொழியாசிரியர்கள் முடிவு செய்வதில்லை. பெரும்பாலும் பதிப்புரிமைச் சட்டமே முடிவு செய்கிறது. இந்தியாவில் நூலாசிரியர் இறந்தபின் 60 ஆண்டு அந்த உரிமை நீடிக்கும். 1946இல் மறைந்த ஸ்ரீகண்டேஸ்வரம் பத்மநாப பிள்ளையின் ‘சப்ததாராவலி’ அகராதி 2007இல் விடுபட்டுவிட்டது. பேச்சு மலையாளத்தை எழுத்தில் கொண்டுவந்த வைக்கம் முகம்மது பஷீர் மறைந்தது 1994இல். அவருடைய கதைகளுக்கு 2055 வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இலவசமாகப் படிக்க நினைப்பவர் பழைய நூல்களில்தான் தொடங்கியாக வேண்டும். தமிழ் அறிந்தவருக்கு இது குறை என்பதைவிட வசதி என்றே சொல்லலாம்.

ஹெர்மன் குண்டெர்ட் என்ற ஜெர்மானிய மதபோதகர் தொகுத்த மலையாள – ஆங்கில அகராதி 1872இல் மங்களூரில் அச்சானது. அவருடைய நூல்களையும் சேகரித்த சுவடிகளையும் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் 2018இல் இணையத்தில் திறந்துவிட்டது. இந்த அகராதி பல சொற்களுக்கு அருகிலேயே தமிழ், கன்னட உறவுச்சொற்களைச் சுட்டுகிறது. தமிழர் புதுச்சொல்லை மனப்பாடம் செய்வதற்குப் பதில் தெரிந்த சொல் எப்படி மாறியது என்று பார்க்கிறார். மலையாளத்தில் ‘ஐந்து’ ‘அஞ்சு’ ஆகும்; இந்த மாற்றம் நம் பேச்சிலேயே உண்டு. வந்தேன், வந்தாய், வந்தான் என்று நாம் பிரிப்பதெல்லாம் அங்கே ‘வந்நு’ என்ற ஒரே வடிவத்தில் அடங்கிவிடும். உறவு ஏமாற்றவும் செய்யும்: மலையாளியின் ‘வெள்ளம்’ குடிக்கிற தண்ணீர்.

பழைய நூலில் படித்தால் பழைய மொழிதானே வரும் என்பார்கள். எல்லா நூலுக்கும் இது பொருந்தாது. சந்துமேனோன் ‘இந்துலேகா’ நாவலை 1889இல் வெளியிட்டபோது, வீட்டில் தாம் பேசுகிற மலையாளத்திலேயே எழுதியதாக முன்னுரையில் சொன்னார். அந்த உரையாடல்களைப் படிப்பவர் செய்யுள்நடையில் சிக்கிக்கொள்வதில்லை. எழுத்துவடிவம் பற்றிய தடைக்குக் கூடுதல் நியாயம் உண்டு. 1971இன் எழுத்துச் சீர்திருத்தம் உகர, ஊகாரக் குறிகளை மெய்யிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தியது. பழைய அச்சில் அவை மெய்யோடு பிணைந்தே கிடக்கும், கூட்டெழுத்துகளும் அதிகம். இன்றைய பாடப்புத்தக எழுத்தை முதலில் பழகிவிட்டுப் பழைய பக்கங்களுக்குப் போவதே நல்லது.

ஒலி விஷயத்தில் மட்டும், நூலைப் படித்து உச்சரிப்பு வராது என்ற எதிர்வாதத்தை முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழில் ந, ன என்று இரண்டு எழுத்து. மலையாளத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. ‘நனை’க்கு இணையான மலையாளச் சொல்லில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தாலும் முதலாவது பல்லில் படும், அடுத்தது படாது. தனியாக வருமிடத்தில் தமிழே வழிகாட்டிவிடும். இரட்டித்து வரும்போது எந்த ஒலி என்பதை அச்செழுத்து சொல்லாது. ஒரு மலையாளியிடமோ வானொலிச் செய்தியிலோ கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.