குறுக்குக் கம்பி

பெரிய ஹெலிகாப்டரைப் பார்த்துத்தான் சின்ன ஹெலிகாப்டரைச் செய்திருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. அமெரிக்க விமானக் கம்பெனியான பெல்லின் கதை நேர்மாறானது. பிரின்ஸ்டனில் கணிதம் படித்த ஆர்தர் யங், 1920களின் இறுதியிலிருந்தே ஹெலிகாப்டர் மாதிரிகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சில்வேனியாவின் பாவோலி என்ற ஊரில் பழைய களஞ்சியக் கொட்டகை ஒன்றைப் பட்டறையாக்கிக்கொண்டார். மின்மோட்டாரில் ஓடிய அந்த மாதிரிகள் மேலே எழும்பிய கையோடு சாய்ந்து விழுந்து நொறுங்கின. சுழலிக்குக் குறுக்கே, இரு முனையிலும் எடை வைத்த ஒரு கம்பியைப் பொருத்திய பிறகுதான் மாதிரி அந்தரத்தில் நிலைத்து நின்றது.

வேகமாகச் சுழலும் கம்பி, உடல் சாய்ந்தாலும் தான் உடனே சாய்வதில்லை. அந்த வித்தியாசம் சிறு இணைப்புகள் வழியே இறக்கைகளுக்குப் போய் அவற்றின் கோணத்தைத் திருத்துகிறது. 1941இல் யங் தன் மாதிரியை பெல் கம்பெனியை நடத்திய லாரி பெல்லிடம் பறக்கவிட்டுக் காட்டினார். ஐந்தே ஆண்டுகளில், 1946 மார்ச் 8 அன்று, பெல் 47 அமெரிக்காவில் சிவில் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆனது. அதன் தலையில் யங்கின் கம்பி அப்படியே இருந்தது. கலிபோர்னியாவில் ஸ்டான்லி ஹில்லர் இன்னொரு வழி கண்டார். எடைக்குப் பதிலாக முனைகளில் சிறு துடுப்புகள்; விமானியின் கைப்பிடி துடுப்புகளைத் திருப்பும், துடுப்புகள் பெரிய சுழலியைச் சாய்க்கும்.

ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானங்கள் 1960களில் சாதாரணமாகிவிட்டன. ஹெலிகாப்டர் மட்டும் யாருக்கும் எளிதில் பிடிபடவில்லை. சின்னச் சுழலி வேகமாகச் சுற்றும். உடலுக்கோ எடை குறைவு. தவறு நடந்ததைக் கண் பார்த்துக் கை திருத்துவதற்குள் மாதிரி புல்லில் கவிழ்ந்து கிடக்கும். இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டரைத்தான் சொல்ல வேண்டும். ஹில்லரின் துடுப்புக் கம்பியை அவர் மாதிரிக்குக் கொண்டுவந்தார். 1970 ஜூன் 20 அன்று அவருடைய ஹியூகோப்ரா 27 நிமிடம் 51 விநாடி பறந்து, 11.5 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து சாதனை படைத்தது. அந்த கோப்ரா உதிரிப் பாகப் பெட்டியாகக் கடைக்கு வந்தபோது, வீட்டு மேசையில் ஹெலிகாப்டர் கட்டும் பழக்கம் தொடங்கியது.

கோப்ராவில் இறக்கையின் கோணம் நிலையானது. மேலே போக என்ஜினை முடுக்க வேண்டும், கீழே வரக் குறைக்க வேண்டும். பறக்கும்போதே கோணத்தை மாற்றும் வசதியை நியூரம்பர்க்கின் காவான் நிறுவனம் தன் ஜெட்ரேஞ்சரில் கொடுத்தது. ஜப்பானில் ஹிரோபோவும் கால்ட்டும் களமிறங்கின. வால் பக்கவாட்டில் திரும்புவதை உணர்ந்து தடுக்கக் கைரோ என்ற கருவி வந்தது.

இந்த ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை மெத்தனால் எரிபொருளில் ஓடின. எண்ணெயும் நைட்ரோமீத்தேனும் கலந்த அந்த எரிபொருளுக்கு விலை அதிகம், பறக்கும் நேரமோ குறைவு. புல்வெட்டும் இயந்திரங்களுக்காகச் செய்த 23 சிசி ஜெனோவா போன்ற டூ ஸ்ட்ரோக் என்ஜினை ஹெலிகாப்டருக்குள் வைத்தவர்கள் இந்தக் கணக்கையே மாற்றினார்கள். அந்தக் கால டிவிஎஸ் 50 மொபெட்டுக்குப் போட்டதுபோல் பெட்ரோலில் ஆயில் கலந்தால் போதும். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யலாம். கார்புரேட்டர் தன் சவ்வு பம்பால் தானே எரிபொருளை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் கட்டுபவரின் வேலை கூடியது. என்ஜினின் எடை கூடுதல், அதிர்வும் கூடுதல். உலோகத்தில் இறங்கும் ஒவ்வொரு திருகுக்கும் பூட்டும் பசை தடவாவிட்டால் இரண்டாவது டேங்க் முடிவதற்குள் ஏதாவதொன்று கழன்றுவிடும். மேக்னெட்டோவின் தீப்பொறி ரேடியோவைக் குழப்பும் என்பதால், ரெசிஸ்டர் வைத்த ஸ்பார்க் பிளக் போட்டு, ரிசீவரை என்ஜினிலிருந்து தள்ளி மூக்குப் பக்கம் வைப்பார்கள். அடுத்தது பொறுமைக்கான பரீட்சை. கைப்பிடி நடுவில் இருக்கும்போது, இணைப்புகளை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவின் கைகள் நேராக நிற்க வேண்டும். அந்த அசைவைச் சுழலும் இறக்கைகளுக்குக் கடத்தும் ஸ்வாஷ் பிளேட் மட்டமாக இருக்க வேண்டும். இறக்கைகளில் கோணமானியை மாட்டினால் இரண்டும் ஒரே அளவைக் காட்ட வேண்டும். இறக்கைகளைத் தராசில் வைத்து, லேசானதன் மேல் டேப் ஒட்டிச் சமன் செய்வார்கள். நுனிகளில் வெவ்வேறு நிற டேப் ஒட்டிச் சுழலவிட்டு, தள்ளி நின்று பக்கவாட்டில் பார்ப்பார்கள். இரண்டு நிறமும் மேலும் கீழுமாக இரண்டு கோடாகத் தெரிந்தால், என்ஜினை நிறுத்தி ஓர் இணைப்பை அரைச்சுற்று திருக வேண்டும். கார்புரேட்டரின் இரண்டு ஊசிகளும் முதல் சில டேங்குகளுக்குச் சற்றுத் தாராளமாகவே திறந்திருக்கும். எரிபொருள் குறைந்து என்ஜின் சூடேறினால் பிஸ்டன் இறுகிவிடும். சிறிது புகை வருவதில் கெடுதல் ஒன்றும் இல்லை.

இதே வேலையைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தது யமஹா. ஜப்பானின் நெல்வயல்கள் சிறியவை, வீடுகளை ஒட்டியவை. விவசாயிகளுக்கு வயதாகிக்கொண்டே போனது. மருந்து தெளிக்க 20 கிலோ சுமக்கும் ஆர்-50 ஹெலிகாப்டரை 1987இல் யமஹா உருவாக்கியது. 1997இல் வந்த ஆர்மேக்ஸுக்கு 246 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின். 2000இல் ஹொக்கைடோவின் உசு எரிமலை வெடித்தபோது, மனிதர் நெருங்க முடியாத இடத்தைப் பார்த்துவர ஆர்மேக்ஸைத்தான் அனுப்பினார்கள். பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒரு கைவேலைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க முடியாது.

2004இல் ஆண்ட்ரூ இங்கும் சக ஆய்வாளர்களும் பெர்கன் நிறுவனத்தின் இரட்டைச் சிலிண்டர் பெட்ரோல் ஹெலிகாப்டர் ஒன்றை, மனிதக் கை படாமல் தலைகீழாக அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார்கள். கணினி தன் பிழைகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் முறையால் அது சாத்தியமானது.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், ஜெர்மனியின் மிக்காடோ கொண்டுவந்த விஸ்டாபி போன்ற மின்னணுப் பெட்டிகள், மாதிரிகளின் தலையிலிருந்து குறுக்குக் கம்பியையே கழற்றிவிட்டன. மூன்று அச்சிலும் சுழற்சியை உணரும் கைரோக்கள் இப்போது சர்வோவுக்கு நேராகக் கட்டளையிடுகின்றன. பாகங்கள் குறைந்தன, பறப்பு சுறுசுறுப்பானது. பெட்ரோல் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு புதுத் தலைவலி. அதிர்வைப் பழைய கம்பி பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை. கைரோ அதை அசைவாகவே எடுத்துக்கொண்டு, தேவையில்லாத திருத்தங்களைச் செய்யும். அதனால் பெட்டியை மெத்தென்ற டேப்பின் மேல் ஒட்டுகிறார்கள். அதற்கும் முன்னால், என்ஜின் தண்டில் குளிர்விக்கும் விசிறியை மாட்டி, அது கோணலின்றி ஓடுகிறதா என்று டயல் கேஜ் வைத்து அளக்கிறார்கள். முள் ஆடினால் விசிறியைக் கழற்றி, சற்றே திருப்பி மாட்டி, மறுபடி அளக்கிறார்கள்.