கொல்லையில் பிறந்த வண்ணங்கள்: கலேடியம் கலப்பினமாக்கத்தின் வரலாறு

முன்னுரை

அழகு இலைச் செடி வளர்ப்பவர்கள் பூவைப் பொருட்படுத்துவதில்லை. கலேடியத்தில் பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளி எறிந்துவிடுவார்கள். அதற்குப் போகிற சத்து கிழங்குக்கும் இலைக்கும் போகட்டும் என்பது அவர்கள் கணக்கு. செடியைப் பெருக்குவதும் கிழங்கை வெட்டித்தான். ஆனால் இன்று நர்சரிகளில் விற்கும் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை இலை ரகங்களில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் அந்தப் பூவைக் கிள்ளாமல் விட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவி, விதை எடுத்ததால் கிடைத்தவை. அந்த யாரோ ஒருவர் யார், அவர் அறிந்ததில் எவ்வளவு பின்வந்தவர்களுக்குச் சேர்ந்தது என்ற இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ரகங்களைப் படைத்ததில் தனியாட்களின் பங்கு பெரிது. ஆனால் அவர்களுடைய செடிகளின் பெற்றோர் விவரம் தொலைந்துபோனதால், அறிவியல் பின்னாளில் அடியிலிருந்து தொடங்க நேர்ந்தது என்பதே இதன் முடிவு.

பாரிஸ்: தொடக்கம்

சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த கலேடியம் தென் அமெரிக்காவின் வெப்பமண்டலச் செடி. தாவரவியலாளர் ஐட்டன் 1789-இல் இதை 'ஏரம் பைகலர்' என்று விவரித்தார். 1801-இல் வென்டெனா 'கலேடியம்' என்ற பேரினத்தை நிறுவினார். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் இது கண்ணாடி வீடுகளில் ஒரு காட்சிப்பொருளாகவே இருந்தது. 1850-களில் அமேசான் முகத்துவாரத்தை ஒட்டிய பெலெம் வட்டாரத்திலிருந்து புதிய வகைகள் பாரிஸ் நர்சரிக்காரர் ஷாந்தேனிடம் வந்து சேர்ந்தபோதுதான் கலப்புக்கு வேண்டிய மூலப்பொருள் கிடைத்தது.

அதைப் பயன்படுத்திக்கொண்டவர் அல்ஃபிரெட் ப்ளூ. அவருடைய கலப்பினங்கள் 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பார்வைக்கு வைக்கப்பட்டன. மறு ஆண்டு அவர் வெளியிட்ட 'கேண்டிடம்' வெள்ளை இலையில் பச்சை நரம்போடும் ரகம். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அது விற்பனையில் இருக்கிறது. அதே காலத்தில் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் அடால்ஃப் லீட்ஸே என்பவரும் கலேடியக் கலப்பில் ஈடுபட்டிருந்தார்.

புளோரிடா: கொல்லைக்கு வந்த கலை

லீட்ஸேயின் செடிகள் 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்தன. அங்கே அவற்றைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர் ஹென்றி நேர்லிங் (1853–1929). பள்ளி ஆசிரியராக இருந்தவர், பறவையியலாளர், மில்வாக்கி அருங்காட்சியகத்தின் காப்பாளர். தொழில்முறைத் தோட்டக்காரர் அல்லர். புளோரிடாவின் கோதா என்னும் சிற்றூரில் 1880-களிலேயே நிலம் வாங்கியிருந்த அவர், பின்னர் அங்கேயே குடியேறி கலேடியம் விதைக்கத் தொடங்கினார். பாரிஸில் கண்ணாடியும் வெப்பக் குழாயும் கேட்ட செடிக்குப் புளோரிடாவில் மரச்சட்ட நிழல் போதுமானதாக இருந்தது. ஆண்டுதோறும் ஏராளமான நாற்றுகளை வளர்த்து, சிறந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு ரகம் அவருடைய மகன் ஆர்னோ நேர்லிங்கின் பெயரைத் தாங்கியுள்ளது. 1917-ஆம் ஆண்டின் உறைபனி கோதாத் தோட்டத்தைப் பாழாக்கியதும், தெற்கே நேப்பிள்ஸ் என்ற ஊருக்கு இடம் மாறினார்.

அவருக்கு அண்மையில், ஒவீடோவில் வாழ்ந்த தியோடர் மீட் (1852–1936) வண்ணத்துப்பூச்சி ஆய்வில் பெயர் பெற்றவர். ஆர்க்கிட், ப்ரோமீலியாட், கலேடியம் என மூன்றிலும் கலப்பினங்களை உண்டாக்கினார். இவ்விருவரும் பயிர் மேம்பாட்டு நிறுவனம் எதையும் சார்ந்திராமல் சொந்தச் செலவில் உழைத்தவர்கள். இன்று உலகச் சந்தைக்கான கலேடியக் கிழங்குகளில் பெரும்பகுதி அதே மாநிலத்தின் லேக் பிளாசிட் பகுதியில்தான் விளைகிறது.

தாய்லாந்தில் இந்த முயற்சி இன்னொரு வடிவம் பெற்றது. அங்கே கலேடியத்தை 'போன் சீ' என்பார்கள். வீட்டு வளர்ப்பாளர்கள் உண்டாக்கிய ரகங்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஏற்றபடி பெயரிடுவது அவர்கள் மரபு. ராமாயணத்தின் தாய் வடிவமான 'ராமகியன்' கதைமாந்தரின் பெயர்களும் இலைகளுக்கு உண்டு.

கலப்பின் நுட்பம்

கலேடியத்தின் பூங்கதிரைப் பாளை ஒன்று மூடியிருக்கும். கதிரின் அடியில் பெண்பூக்கள், நடுவில் மலட்டுப் பூக்கள், மேலே ஆண்பூக்கள். பாளை விரியும்போது பெண்பூக்கள் முதலில் பக்குவமடைகின்றன. அதே கதிரின் மகரந்தம் அதன்பிறகே உதிரும். தன்மகரந்தச் சேர்க்கையைத் தவிர்க்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. கலப்பவருக்கு வசதியும் சங்கடமும் இதிலேயே உள்ளன. உதிர்ந்த மகரந்தம் அறை வெப்பத்தில் ஒரு நாளுக்குள் உயிர்ப்பை இழந்துவிடும். ஆகவே தந்தைச் செடி ஒரு நாள் முந்திப் பூத்திருக்க வேண்டும்.

தாய்ச்செடியில் பாளையின் அடிப்பகுதியைக் கூரிய கத்தியால் நறுக்கினால் பெண்பூக்கள் தெரியும். பிசுபிசுக்கும் சூலகமுடிகள் மேல் தூரிகையால் மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஐந்தாறு வாரங்களில் கனி பழுக்கும். சதையைக் கழுவி நீக்கி, பொடி விதைகளை ஈரமான மண்கலவையின் மேற்பரப்பிலேயே தூவி, ஈரம் காயாமல் மூடிவைத்தால் இரண்டு வாரத்தில் முளைவிடும். முதல் இலைகள் பச்சையாகவே இருக்கும். சில இலைகள் கழிந்தபின்தான் நிறம் வெளிப்படும். அவசரப்பட்டுப் பச்சை நாற்றுகளைப் பிடுங்கி எறிபவர் நல்ல ரகத்தையும் சேர்த்தே எறிந்துவிடுவார்.

அறிவியல் தாமதமாக வந்தது

பல ரகங்கள் எளிதில் பூப்பதில்லை என்பது கலப்புக்குப் பெருந்தடை. தாவர வளர்ச்சி ஊக்கியான கிப்பரெல்லிக் அமிலம் கலேடியத்தைப் பூக்கத் தூண்டும் என்று ஆய்வாளர்கள் ஹார்பாவும் வில்ஃப்ரெட்டும் 1979-இல் காட்டினார்கள். புளோரிடா பல்கலைக்கழகத்தில் கலேடியப் பயிர் மேம்பாட்டை வில்ஃப்ரெட் தொடங்கியதே 1976-இல்தான். ப்ளூவின் காட்சிக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்.

அங்கே ஆய்வாளர்கள் சந்தித்த முதல் சிக்கல், பெரும்பாலான ரகங்களின் பெற்றோர் யார் என்பதே தெரியவில்லை என்பது. சோதனைக் கலப்புகள் வழியாகத்தான் விதிகளைக் கண்டறிய வேண்டியிருந்தது. டெங்கும் ஹார்பாவும் 2006-இல் வெளியிட்ட முடிவுகள் இவை: நடு நரம்பின் நிறத்தை ஒரே மரபணு இடத்திலுள்ள மூன்று அல்லீல்கள் (மரபணுவின் மாற்று வடிவங்கள்) தீர்மானிக்கின்றன. சிவப்பு வெள்ளையை மறைத்து ஓங்கும். வெள்ளை பச்சையை மறைத்து ஓங்கும். இலை வடிவத்துக்குத் தனியே இரண்டு அல்லீல்கள். இரண்டும் இணையோங்கு தன்மை கொண்டவை, அதாவது ஒன்று மற்றதை மறைக்காது. ஈட்டி வடிவ இலையுள்ள இரு செடிகளைக் கலந்தால் அகன்ற இலை, ஈட்டி இலை, பட்டை இலை ஆகியவை 1:2:1 விகிதத்தில் பிறக்கும். இரண்டு சிவப்பு நரம்புச் செடிகளுக்குப் பச்சை நரம்பு நாற்று பிறப்பது மேலே சொன்ன நிற விதியால் விளங்குகிறது: பெற்றோர் இருவரிடமும் பச்சை அல்லீல் மறைந்திருந்திருக்கிறது. குறிப்பேடு வைத்திருந்த எந்த வீட்டு வளர்ப்பாளரும் எண்ணிப் பார்த்தே அடைந்திருக்கக்கூடிய முடிவுகள் இவை.

முடிவுரை

இதுவரை 1,500-க்கும் மேற்பட்ட கலேடிய ரகங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டுள்ளது. வணிகத்தில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 100. மற்றவற்றில் பெரும்பாலானவை கிழங்கோடு அழிந்தன. அவற்றின் வரலாறும் உடன் அழிந்தது. மழைக்காலத்தில் தழைத்து, வறட்சியில் கிழங்காக உறங்கும் இந்தச் செடிக்குத் தமிழகத்தின் வானிலை ஒத்துவரும். மாடித் தோட்டத்தில் நாலைந்து தொட்டிகளும் ஒரு தூரிகையும் இருந்தால் கலப்பு செய்யலாம். சாறு பட்டால் தோல் அரிக்கும் என்பதால் கையுறை அணிந்துகொள்வது நல்லது. அப்படி முயல்பவர் தவறாமல் செய்ய வேண்டியது ஒன்று: தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரை அடுத்தும் கலந்த தேதியோடு எழுதித் தொட்டியில் செருகுங்கள், அதையே ஒரு குறிப்பேட்டிலும் பதியுங்கள்.