பூட்டுக்கும் வயது உண்டு

இரும்புப் பூட்டு வாங்குகிறவர்கள் அதைக் கையில் எடுத்துக் கனம் பார்ப்பார்கள். பூட்டி இழுத்துப் பார்ப்பார்கள். வாங்கி மாட்டிய பிறகு அதைப்பற்றி யாரும் நினைப்பதில்லை. தாத்தா வாங்கிய பூட்டு பேரன் கல்யாணம் வரைக்கும் தொங்கிக்கொண்டிருக்கும். துரு ஏறினால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஆனால் கணக்கினால் செய்த பூட்டு என்று ஒன்று உண்டு. அதற்குத் துரு ஏறுவதில்லை. செய்த அன்று இருந்தபடியே இருக்கும். இருந்தாலும் ஒரு நாள் அது பூட்டாக இல்லாமல் போய்விடுகிறது. அந்த நாள் எது என்று வீட்டுக்காரருக்கே தெரிவதில்லை. இந்த விசித்திரமான பூட்டின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு கம்பெனி மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலை பாங்கிக்கு அனுப்புகிறது. ஓர் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை முடிவுகளை வேறோர் ஊருக்கு அனுப்புகிறது. இவையெல்லாம் இன்று காகிதக் கட்டுகளாகப் போவதில்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கோப்புகளாகப் போகின்றன. வாங்கி வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டருக்கு 'ஸர்வர்' என்று பெயர். வழியில் யாரும் படித்துவிடாமல் இருக்கக் கோப்பைச் சங்கேதமாக மாற்றி அனுப்புகிறார்கள். எந்தெந்தச் சங்கேத முறைகளை இந்த ஸர்வர் ஒப்புக்கொள்ளும் என்று அதன் நிர்வாகி ஒரே ஒரு வரியில் எழுதி வைக்கிறார். ஐந்தாறு பெயர்கள், நடுவே காற்புள்ளிகள், அவ்வளவுதான். பார்த்தால் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். நாவல் எழுதுகிறவனுக்கு அந்த வரியில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கெட்டிக்காரத்தனம், பிடிவாதம், பயம், மறதி எல்லாம் இருக்கின்றன. கதைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆரம்பத்தில் பூட்டே கிடையாது. கோப்பு அனுப்புவதற்கு முதல் முதலாக ஒரு முறையை வகுத்து 1971-ல் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் கோஷ்டியில் படித்துத் தேறி, அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்குப் போனவர். அவர் வகுத்த முறைக்கு எஃப்.டி.பி. என்று பெயர். அதில் கோப்பும் திறந்தபடியே போகும். கோப்பைக் கேட்பவர் சொல்லும் ரகசியச் சொல்லும் திறந்தபடியே போகும். இதைக் குறை சொல்லக் கூடாது. அன்றைக்கு அந்த வலையில் இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய சில கலாசாலைகளும் ஆராய்ச்சிக் கூடங்களும்தான். அக்கிரகாரத்துத் திண்ணையில் படுத்துத் தூங்கியவர்கள் கதவைத் தாழிட்டார்களா என்ன?

தெரு பெரிதாயிற்று, கதவு அப்படியே இருந்தது. 1995-ல் ஃபின்லாந்து தேசத்தில், ஹெல்ஸிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து வலையில் எவனோ ஒருவன் ஒட்டுக் கேட்கும் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டான். ஆயிரக்கணக்கான பேர்களுடைய ரகசியச் சொற்கள் அதில் சிக்கின. அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாட்டு யூலோனென் என்பவர் அதற்காக ஓர் ஏற்பாடு எழுதினார். எஸ்.எஸ்.எச். என்று பெயரிட்டு ஜூலை மாதம் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அந்த வருஷ முடிவுக்குள் 50 தேசங்களில் சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள். வலையில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு வாசல் எண் உண்டு. எஃப்.டி.பி.க்கு 21, தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்கும் டெல்நெட்டுக்கு 23. இரண்டும் திறந்த வாசல்கள். நடுவே காலியாக இருந்த 22-ஐ யூலோனென் கேட்டு வாங்கிக்கொண்டார். பிற்பாடு அதே வாசல் வழியாகக் கோப்பு அனுப்பவும் எஸ்.எஃப்.டி.பி. என்ற வழி ஏற்பட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். எஸ்.எஸ்.எச். முறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் சந்தித்ததும், 'எனக்கு இந்த இந்தச் சங்கேதங்கள் தெரியும்' என்று ஒன்றுக்கொன்று பட்டியலை நீட்டுகின்றன. வருகிறவரின் பட்டியலில் முதலாவதாக எது ஸர்வரின் பட்டியலிலும் இருக்கிறதோ, அதுதான் முடிவாகும். அதாவது, எதை முதலில் வைப்பது என்பது வருகிறவர் இஷ்டம். ஸர்வர் நிர்வாகிக்கு இருக்கும் அதிகாரம் ஒன்றே ஒன்று: எதைச் சேர்ப்பதில்லை என்பது. அருமையான பூட்டு ஐந்து வைத்து, பக்கத்தில் ஓட்டைப் பூட்டு ஒன்றையும் வைத்திருந்தால், வருகிறவர் அந்த ஓட்டைப் பூட்டை முதலில் கேட்டால் அதைத்தான் மாட்ட வேண்டும்.

ஓட்டைப் பூட்டுகள் எங்கிருந்து வந்தன? அதுதான் சுவாரஸ்யம். பலவும் நல்ல பூட்டுகளாகப் பிறந்தவை.

அமெரிக்க சர்க்கார் 1977-ல் டெஸ் என்ற சங்கேதத்தைத் தன் தேசத்துக்குப் பொது முறையாகப் பிரகடனம் செய்தது. ஐ.பி.எம். கம்பெனியார் செய்து கொடுத்தது. சங்கேதத்தின் பலம் அதன் சாவியின் நீளத்தில் இருக்கிறது. நீளத்தை 'பிட்' என்ற அளவால் சொல்கிறார்கள். ஒரு பிட் கூடினால் சாவிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும். ஐ.பி.எம்.மில் ஹார்ஸ்ட் ஃபைஸ்டல் முதலில் செய்துவந்த சங்கேதத்துக்கு 128 பிட் சாவி வைத்த வடிவமும் இருந்தது. டெஸ் வெளியே வந்தபோது சாவி 56 பிட்டாகக் குறைந்திருந்தது. குறைத்ததில், பிறருடைய ரகசியங்களைப் படிப்பதே தொழிலாகக் கொண்ட என்.எஸ்.ஏ. என்ற சர்க்கார் இலாகாவின் கை இருந்தது. 'இது போதாது, பணமுள்ளவன் உடைத்துவிடுவான்' என்று ஸ்டான்ஃபோர்டிலிருந்து விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் அப்போதே வாதாடினார்கள். போதும் என்றது சர்க்கார்.

56 பிட் என்றால் சுமார் 72,000 லட்சம் கோடி சாவிகள். கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 1998 ஜூலையில் ஈ.எஃப்.எஃப். என்ற பொதுநலச் சங்கத்தார் இதற்கென்றே ஒரு யந்திரம் கட்டினார்கள். செலவு 2,50,000 டாலருக்கும் குறைவு. விநாடிக்குச் சுமார் 9,000 கோடி சாவிகளைப் போட்டுப் பார்க்கும் யந்திரம் அது. மொத்தச் சாவிகளில் கால்வாசி பார்ப்பதற்குள்ளேயே சரியான சாவி சிக்கிவிட்டது. ஆன நேரம் 56 மணி. மறு வருஷம் ஜனவரியில், இன்னும் பல கம்ப்யூட்டர்களும் சேர்ந்துகொள்ள, 22 மணி 15 நிமிஷத்தில் காரியம் முடிந்தது. பூட்டு மாறவே இல்லை. திருடன் கையில் இருந்த கருவிதான் மாறியது.

இது மறைவில் செய்த பூட்டின் கதி. அடுத்த பூட்டை வெளிச்சத்தில் செய்வது என்று தீர்மானித்தார்கள். 1997-ல் உலகத்துக்கெல்லாம் போட்டி வைத்தார்கள். 15 சங்கேதங்கள் களத்தில் நின்றன. ஒவ்வொன்றையும் மற்றவர்கள் உடைத்துப் பார்த்தார்கள். 2000-ல் ஜெயித்தது பெல்ஜியம் தேசத்து ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இருவர் செய்தது. 2001-ல் அது ஏ.ஈ.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவின் பொது முறையாயிற்று. அந்நியர் செய்த பூட்டை ஒரு வல்லரசு தன் கஜானாவுக்கு மாட்டிக்கொண்டது சாமானியமான விஷயமல்ல. இத்தனை வருஷமாகியும் அது நிற்கிறது.

இன்னொரு ஜாதி ஓட்டைப் பூட்டு உண்டு. பிறக்கும்போதே அது ஓட்டை. சட்டம் போட்ட ஓட்டை. 1990-களில் அமெரிக்கச் சட்டம் பலமான சங்கேதத்தை வெடிகுண்டு, துப்பாக்கி வகையறாவோடு சேர்த்து யுத்த தளவாடமாகக் கருதியது. அதை அந்நிய தேசத்துக்கு அனுப்பக் கூடாது. ஆகவே கம்பெனிகள் இரண்டு சரக்குச் செய்தன: உள்ளூருக்குப் பலமானது, வெளியூருக்கு வேண்டுமென்றே பலவீனமாக்கியது. வலைமனைகள் உபயோகிக்கும் டி.எல்.எஸ். என்ற முறையிலும் அதன் மூதாதையிலும் இந்தப் பலவீனச் சரக்கு இடம் பெற்றது. பழைய எஃப்.டி.பி.யைப் பூட்டி அனுப்பவும் இதே முறைதான் உதவுகிறது. 2000-ம் வருஷம் சட்டத்தைத் தளர்த்தினார்கள். வெளியூர்ச் சரக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கதை முடியவில்லை. சட்டம் போயிற்று, பட்டியலில் பெயர் இருந்தது. ஒருவரும் அடிக்கவில்லை. 2015 மார்ச்சில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்களும் மைக்ரோஸாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தாரும் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசும்போது நடுவே புகுந்தவன், 'எனக்கு வெளியூர்ச் சரக்கே போதும்' என்று கேட்டதுபோல் மாற்றிவிட முடியும். ஸர்வரும் பழைய மரியாதை மாறாமல் அதை எடுத்துக் கொடுத்துவிடும். அதை உடைக்கச் சில மணி நேரமும், வாடகைக் கம்ப்யூட்டருக்கு ஏறக்குறைய நூறு டாலரும் போதும். இப்படி அகப்பட்டுக்கொண்ட வலைமனைகளில் என்.எஸ்.ஏ. இலாகாவின் சொந்த மனையும் ஒன்று! பிறத்தியாருக்கென்று தேய்த்து வைத்த பூட்டு தன் வாசலிலும் தொங்கியதை அவர்களும் கவனிக்கவில்லை.

பலவீனமான பூட்டு இருந்தால் என்ன, இல்லாததற்கு ஏதோ ஒன்று இருக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் கம்ப்யூட்டர் சரித்திரத்தில் இல்லை. 400 வருஷங்களுக்கு முந்தி, ஸ்காட்லாந்து ராணி மேரியின் சரித்திரத்தில் இருக்கிறது. எலிஸபெத் ராணியின் காவலில் இருந்த மேரி, 1586-ல் ஆண்டனி பாபிங்டன் என்ற இளைஞனுக்குச் சங்கேதத்தில் கடிதம் எழுதினாள். கடிதங்கள் பீர் பீப்பாயில் ஒளிந்து போய் வந்தன. எலிஸபெத்தைக் கொல்லும் சதி அவற்றில் இருந்தது. ஆனால் அந்த வழியை ஏற்பாடு செய்ததே மந்திரி வால்ஸிங்காமின் ஆட்கள்தான். அவருடைய சங்கேத நிபுணர் தாமஸ் ஃபிலிப்ஸ் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படித்தார். ஒன்றில், சதிகாரர் பெயர்களைக் கேட்டு ராணியே எழுதியதுபோல் பின்குறிப்பும் சேர்த்தார். 1587 பிப்ரவரி 8-ந் தேதி மேரியின் தலை போயிற்று.

சங்கேதமே இல்லாதிருந்தால் அவள் அப்படி எழுதியிருப்பாளா? மூடி மறைத்து, இரண்டு அர்த்தம் வரும்படி எழுதியிருப்பாள். பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மனத்தைத் திறந்தாள். ஓட்டைப் பூட்டு செய்யும் துரோகம் இதுதான். திறந்த கதவுக்கு முன்னால் நாம் ஜாக்கிரதையாக இருக்கிறோம். பூட்டிய கதவுக்குப் பின்னால் எதையும் வைத்துவிடுகிறோம்.

அப்படியானால் பழைய பெயர்களை ஏன் அடிப்பதில்லை? மறதி ஒரு காரணம்; தாட்சண்யம் இன்னொரு காரணம். ஏதோ ஒரு கிளை ஆபீசில் 15 வருஷத்துக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். அதற்குப் பழைய சங்கேதம் ஒன்றுதான் தெரியும். பட்டியலில் அதை அடித்தால் மறுநாள் காலையில் டெலிபோன் மணி அடிக்கும். கோப்பு வரவில்லை என்று மேலதிகாரி சத்தம் போடுவார். அடிக்காமல் விட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வசவு வாங்கிக்கொண்டு பெயரை அடிக்கிறவருக்கு யார் மாலை போடப் போகிறார்கள்?

ஆனாலும் அடித்தவர்கள் இருக்கிறார்கள். எஸ்.எஸ்.எச். முறையில் அதிகமாக உபயோகத்தில் இருப்பது, ஓபன்பி.எஸ்.டி. குழுவினர் 1999 முதல் இலவசமாகத் தந்துவரும் ஓபன் எஸ்.எஸ்.எச். அவர்கள் 2014-ல், ஆர்க்ஃபோர் முதலிய பழைய சங்கேதங்களை ஸர்வரின் வழக்கமான பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நிர்வாகி விரும்பினால் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 2017-ல் ஆர்க்ஃபோரையும் ப்ளோஃபிஷையும் வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். விரும்பினாலும் சேர்க்க முடியாது. புதிய பூட்டுகளும் விதிவிலக்கல்ல என்பது 2023 டிசம்பரில் தெரிந்தது. ஜெர்மனியில் போஹும் நகரத்து ரூர் பல்கலைக்கழகத்தார், இளைய சங்கேதம் ஒன்று எஸ்.எஸ்.எச்.சில் பொருத்தப்பட்டிருந்த இடத்தில் ஒரு விரிசலைக் காட்டினார்கள். பூட்டில் கோளாறு இல்லை. பூட்டுக்கும் நிலைக்கும் நடுவே இடைவெளி. அதை அடைக்க இரண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர்களையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

டெஸ்ஸுக்கு ஒரு வாரிசு இருந்தது. பழைய பூட்டையே மூன்று தரம் பூட்டும் 'மூன்று டெஸ்' என்ற முறை. எஸ்.எஸ்.எச். விதிகள் 2006-ல் எழுத்தில் வந்தபோது, எல்லோரும் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய சங்கேதம் என்று குறிப்பிட்டது அதைத்தான். அமெரிக்கத் தர நிர்ணய இலாகா, 2023-க்குப் பிறகு அதைக்கொண்டு எதையும் புதிதாகப் பூட்டக் கூடாது என்று விதித்துவிட்டது. 'இருந்தே தீர வேண்டும்' என்பதிலிருந்து 'இருக்கவே கூடாது' என்பதற்கு வர 17 வருஷம். அந்த இடைக்காலத்தில் எழுதி வைத்த பட்டியல்கள் எத்தனையோ ஸர்வர்களில் கிடக்கின்றன. எழுதியவர் வேறு உத்தியோகத்துக்குப் போயிருப்பார். நம் வீட்டுச் சம்பளக் கணக்கும் ரத்தப் பரிசோதனையும் இன்று ராத்திரி அந்த வழியாகப் போகலாம். யாராவது ஒருவர் அந்த வரியைத் திறந்து, பெயர் பெயராகப் படித்து, வயதானதை அடிக்க வேண்டும்.