பிரான்ஸில் கார் காப்பீட்டு ஸ்டிக்கர்: நீங்கிய அபராதமும் நீங்காத கடமையும்

பிரான்ஸில் காருக்குக் காப்பீடு கட்டாயம். அதற்கு அடையாளமாக முன்பக்கக் கண்ணாடியில் ஒரு சிறிய பச்சை ஸ்டிக்கரை ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டமாக இருந்தது. காப்பீடு இருந்தும் ஸ்டிக்கரை ஒட்டத் தவறினால் 35 யூரோ அபராதம்.

2024 ஏப்ரல் 1 முதல் இந்த விதி நீக்கப்பட்டது. இப்போது வாகன எண்ணைக் கொண்டே காவலர்கள் காப்பீட்டுப் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்கின்றனர்.

புதுச்சேரி, காரைக்காலிலிருந்து சென்று அங்கு வாழும் நம் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கியது ஸ்டிக்கர்தான், காப்பீடு அல்ல. காப்பீடின்றி ஓட்டினால் 3,750 யூரோ வரை அபராதம் விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமம் முடக்கப்படலாம், வாகனமும் பறிமுதலாகலாம்.

அபராதத்தைவிடப் பெரிய சுமையும் உண்டு. காப்பீடு இல்லாதவர் விபத்தில் ஒருவரைக் காயப்படுத்தினால், பாதிக்கப்பட்டவருக்கு அந்நாட்டின் உத்தரவாத நிதியம் இழப்பீடு வழங்கும். பின்னர் அத்தொகையை ஓட்டியவரிடமே வசூலிக்கும்.

காப்பீடு குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் சட்டம் கட்டாயமாக்கிய காப்பீட்டை, நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் அனுமதிப்போர் பலர். நம்மால் பிறருக்கு நேர்ந்த சேதத்தை ஈடுசெய்வதோ ஹக்குல் இபாத், அடியார்களுக்குரிய உரிமை. அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஷஹீதுக்கும் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்பதை ஹதீஸ்களில் படிக்கிறோம்.

ஸ்டிக்கரில் காப்பீடு முடியும் தேதியும் இருந்தது. இனி அது கண்ணில் படாது. எனவே அத்தேதியை வீட்டு நாட்காட்டியில் இன்றே குறித்துவைப்போம். அல்லாஹ் நம்மைப் பிறர் உரிமை பேணுவோராக ஆக்குவானாக!