பெயரில்லாத உழைப்பு: செவிலியத் தகவலியலின் வரலாறு

அசைய இயலாமல் கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பவர் செவிலியர். அதனால் படுக்கைப் புண் வருவதில்லை. வராத புண்ணுக்கு நோய்க் குறியீடு கிடையாது. ஆகவே அதைத் தடுத்த உழைப்பும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இடம்பெறுவதில்லை. செவிலியத் தகவலியலின் வரலாற்றை இந்த விடுபடலிலிருந்து வாசித்தால், அதன் பெரும்பகுதி பெயரிடுதலின் வரலாறாகவே இருப்பது விளங்கும்.

இத்துறையின் வரலாற்றைப் பலரும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலிடமிருந்து தொடங்குவர். போர்க்கால மரணங்களைக் காட்டும் அவருடைய வட்ட வரைபடம் 1858இல் வெளிவந்தது. இந்தியாவுக்கு ஒருமுறையும் வராத அவர், இங்குள்ள படைமுகாம்களுக்கு வினாப்படிவங்களை அனுப்பித் தரவு திரட்டினார். 1863இல் வெளியான அரச ஆணைய அறிக்கை, ஆங்கிலேயச் சிப்பாய்களின் மரண விகிதம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 என்று பதிவு செய்தது. ஆனால் அவர் எண்ணியவை நோயும் மரணமும் சுகாதாரக் கேடும். செவிலியரின் அன்றாடச் செயல் அங்கே எண்ணத்தக்க பொருளாகவில்லை. அவரை இத்துறையின் தாய் என அழைப்பது மரபுக்கு அழகு சேர்க்கலாம், வரலாற்றுக்குப் போதாது.

உண்மையான திருப்பம் அமெரிக்காவில் 1970களில் நிகழ்ந்தது. கிறிஸ்டின் கெபியும் மேரி ஆன் லாவினும் 1973இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூட்டிய மாநாடு, செவிலியர் தாமே கண்டறிந்து கவனிக்கும் சிக்கல்களுக்குப் பெயர்ப்பட்டியல் வகுக்க முற்பட்டது. மருத்துவமனைகளுக்கான பொதுத் தரவுத்தொகுதி அடுத்த ஆண்டே உருவாயிற்று. அதில் செவிலியப் பணி குறித்து ஒரு கூறும் இல்லை. 1983இல் மெடிகேர் நோய்த்தொகுதி அடிப்படையில் கட்டணம் செலுத்தத் தொடங்கியபோது, செவிலியரின் உழைப்பு அறை வாடகையோடு சேர்ந்தே கணக்கிடப்பட்டது. படைச் செவிலியராக இருந்த ஹாரியட் வெர்லியும் நார்மா லாங்கும் 1985இல் மில்வாக்கியில் கூட்டிய மாநாட்டிலிருந்து உருவான குறைந்தபட்சத் தரவுத்தொகுதி இதற்கான மறுமொழி. அதன் 16 கூறுகளில் நான்கு மட்டுமே செவிலியத்துக்கு உரியவை: சிக்கல், செயல், விளைவு, கவனிப்பின் செறிவு. அந்த நான்குக்காகத்தான் அத்தனை போராட்டமும். 1992இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் இதைத் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றது. 1995இல் சான்றிதழ்த் தேர்வு வந்தது.

இதற்குள் பெயர்ப்பட்டியல்கள் பெருகிவிட்டன. ஒமாஹாவுக்கு ஒன்று, அயோவாவுக்கு ஒன்று, வர்ஜீனியா சாபாவுக்கு ஒன்று. ஒரே செயலுக்குப் பல பெயர்கள் வழங்கிய இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1989இல் சியோலில் தீர்மானித்தது. அதிலிருந்து பிறந்த வகைப்பாட்டின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு ஏழு அச்சுகள் கொண்டது: கவனப்பொருள், மதிப்பீடு, பெறுநர், செயல், வழிமுறை, இடம், காலம். தொல்காப்பியம் சொல்லும் எட்டுத் தொழில் முதனிலைகளோடு இதை ஒப்பிட்டால் வினை, நிலம், காலம், கருவி ஆகியவை ஏறத்தாழப் பொருந்துகின்றன. செய்பவருக்கு மட்டும் தனி அச்சு இல்லை. செவிலியரைக் காணச் செய்வதற்காக எழுந்த வகைப்பாட்டில் இது சிறிய விடுபடல் அன்று.

இந்தியாவில் நிலைமை வேறு. மின்னணு உடல்நலப் பதிவுத் தரநிலைகள் 2013இல் வந்து 2016இல் திருத்தப்பட்டன. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021இல் தொடங்கியது. இந்திய செவிலியர் கழகத்தின் திருத்தப்பட்ட பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் செவிலியத் தகவலியல் கட்டாயப் பாடமாகிவிட்டது. பாடம் வந்த வேகத்தில் பணியிடம் வரவில்லை. பட்டதாரிச் செவிலியர் மென்பொருளில் தரவை ஏற்றுகிறார். எந்தத் தரவு ஏற வேண்டும் என்று முடிவு செய்யும் மேசையில் அவருக்கு இருக்கை இருப்பது அரிது. கிராமங்களில் ஏ.என்.எம். பணியாளர் பதிவேட்டிலும் எழுதி, டேப்லெட்டிலும் அதையே மீண்டும் இடும் நிலை பல மாநிலங்களில் உண்டு. தடுப்பூசிக்கு மறுக்கும் தாயிடம் நெடுநேரம் பேசி அவரை இசைய வைத்தாலும் இரண்டிலும் ஏறுவது ஓர் ஊசியின் கணக்கு மட்டுமே.

1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய செவிலியர் கழகத்தின் இடத்தில், 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய ஆணையம் அமைய வேண்டும். பாடத்திட்டத்தின் அடுத்த திருத்தம் அந்த ஆணையத்தின் கையில் இருக்கும்.