தணிக்கையாளரை அமர்த்தியது யார்? சோவியத் கட்சியின் மத்தியத் தணிக்கைக் குழு உறுப்புரிமை குறித்து

சோவியத் ஒன்றியக் கம்யூனிஸ்ட் கட்சியின் காங்கிரஸ் முடிவில் மூன்று பெயர்ப் பட்டியல்கள் வெளிவரும்: மத்தியக் குழு உறுப்பினர்கள், மாற்று உறுப்பினர்கள், மத்தியத் தணிக்கைக் குழு உறுப்பினர்கள். 1971இல் கூடிய 24ஆவது காங்கிரஸில் அவர்கள் முறையே 241, 155, 81 பேர். முதலிரண்டு பட்டியல்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. மூன்றாவது பட்டியலோ பெரும்பாலும் பின்னிணைப்பாகவே நின்றுவிட்டது. கட்சி தன் கணக்கைத் தானே சரிபார்க்க முடியாமற் போனதற்கான காரணம் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது என்பது என் வாதம்.

மத்திய அமைப்புகளில் அலுவல்கள் தாமதமின்றி நடக்கின்றனவா, மத்தியக் குழுவின் கருவூலமும் நிறுவனங்களும் ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கின்றனவா என்று ஆராய்ந்து காங்கிரஸுக்கு அறிக்கை தருவதே விதிகள் இக்குழுவுக்கு இட்ட பணி. கட்சிக்காரர்களின் ஒழுங்கு மீறல்களை விசாரிக்கும் கட்டுப்பாட்டுக் குழு வேறு. 1920களின் தொடக்கத்தில் தணிக்கைக் குழுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே இருந்தனர். விக்டர் நோகின் அதன் தலைவராக இருந்த அந்தக் காலத்தில், அறிக்கையைக் கேட்பதற்குக் காங்கிரஸும் ஆண்டுதோறும் கூடியது.

ஸ்டாலின் காலத்தில் இந்த அடித்தளம் சரிந்தது. 1927 முதல் தலைவராக இருந்தவர் மிகயில் விளாதிமீர்ஸ்கி. 1939இல் நடந்த 18ஆவது காங்கிரஸுக்குப் பிறகு அடுத்தது கூடியது 1952இல்தான். இடைப்பட்ட 13 ஆண்டுகளில் குழுவைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கவோ அதன் அறிக்கையைக் கேட்கவோ காங்கிரஸே இல்லை. விளாதிமீர்ஸ்கி 1951இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். தன்னை அமர்த்திய அவையே கூடாதபோது தணிக்கையாளர் யாரிடம் போய் முறையிடுவது?

1952 முதல் காங்கிரஸ் மீண்டும் காலந்தோறும் கூடியது. நோய் மட்டும் தீரவில்லை. 1952இல் இக்குழுவுக்குள் வந்தவர்களில் ஒருவர் கவிஞர் அலெக்சாந்தர் த்வர்தோவ்ஸ்கி. எழுத்தாளர் கான்ஸ்தந்தீன் சிமோனவ் 1952இல் மத்தியக் குழுவின் மாற்று உறுப்பினர்; 1956இல் அங்கிருந்து தணிக்கைக் குழுவுக்கு இறங்கினார். அமெரிக்காவைப் பற்றி ஆராயும் சோவியத் நிறுவனத்தின் இயக்குநர் கியோர்கி அர்பாத்தவ் ஏறுமுகமாகப் போனார்: 1971இல் தணிக்கைக் குழு, 1976இல் மாற்று உறுப்பினர், 1981இல் முழு உறுப்பினர். கவிதைக்கும் வெளியுறவு ஆய்வுக்கும் பேரேட்டுக்கும் என்ன தொடர்பு? வரலாற்றாசிரியர் ராபர்ட் டேனியல்ஸ் 1976இல் மத்தியக் குழுவைப் பற்றி எழுதியபோது, அதில் இடம்பெறுவது ஒருவர் வகிக்கும் பதவியோடு பிணைந்தது என்று காட்டினார். அந்த முடிவு தணிக்கைக் குழுவுக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது. அங்கே கிடைத்த இடம், மேல்தட்டின் மூன்றாம் வரிசையில் ஓர் இருக்கை.

உறுப்பினர்கள் நேர்மையற்றவர்கள் என்றோ, வரவு செலவு ஒருபோதும் பார்க்கப்படவில்லை என்றோ நான் சொல்லவில்லை. த்வர்தோவ்ஸ்கியின் நேர்மையை ஐயுறுபவர் எவரும் இல்லை. சிக்கல் நியமனத்தில் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு முழுநேர வேலை வேறு. அந்த வேலைகள் மத்தியக் குழுச் செயலகம் தன் கையில் வைத்திருந்த பதவிப் பட்டியலைச் சேர்ந்தவை. அந்தச் செயலகத்தின் அலுவல்களைத்தான் அவர்கள் ஆராய வேண்டியிருந்தது. தன் பிழைப்பையும் அடுத்த உயர்வையும் தீர்மானிப்பவரின் கணக்கை எவர் துணிந்து புரட்டுவார்?

இவான் கப்பித்தோனவின் நியமனத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1965 முதல் மத்தியக் குழுச் செயலாளர். நெடுங்காலம் கட்சி அமைப்புப் பணிக்கும் பதவி நியமனங்களுக்கும் பொறுப்பாக இருந்தவர். 1986இல் அவர் செயலகத்தை விட்டு விலக்கப்பட்டுத் தணிக்கைக் குழுவின் தலைவரானார். சற்று முன்புவரை தான் அங்கம் வகித்த செயலகத்தையே அவர் ஆராய வேண்டும்! இரு தசாப்தச் செயலாளர் ஒருவருக்குக் கௌரவமான ஒதுங்கிடம் தேவைப்பட்டது, அதற்கு இந்தக் குழு பயன்பட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

1990 ஜூலையில் 28ஆவது காங்கிரஸ் தணிக்கைக் குழுவைக் கலைத்து, கட்டுப்பாடு, தணிக்கை ஆகிய இரு பணிகளையும் புதிய மத்தியக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தது. தலைவர் போரிஸ் பூகோ. அதே ஆண்டு டிசம்பரில் அவரை நாட்டின் உள்துறை அமைச்சராக்கியவர் கோர்பச்சேவ். ஆணையம் கண்காணிக்க வேண்டிய மத்திய அமைப்புகளுக்குத் தலைமை தாங்கிய பொதுச் செயலாளரும் அவரே.