துபாஷி வருமுன் வந்த கடிதம்

2004ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் எங்கள் தமிழ்த்துறை இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தது. அகராதிக் குறுந்தகடு ஒன்றைக் கணினிகளில் நிறுவி, சொற்பொருள் தேடும் முறையை முதுகலை மாணவர்களுக்குக் காட்டுவது நோக்கம். கூடத்தில் பன்னிரண்டு கணினிகள். எல்லாவற்றிலும் விண்டோஸ் எக்ஸ்பி. தகட்டை இட்டு நிறுவியைச் சொடுக்கினோம். பயன்பாட்டைச் சரிவரத் தொடங்க இயலவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியீடு, 'ஓகே' என்றொரு பொத்தான். பன்னிரண்டிலும் இதே கதை. தகடு பழுது என்று முடிவுகட்டி, அன்றைய அமர்வை நிகண்டுகள் பற்றிய உரையாக மாற்றிக்கொண்டோம். தகட்டில் பழுதில்லை, நிறுவியை எழுதிய விதத்தில்தான் பழுது என்பது பின்னர் கணினித்துறை நண்பர் ஒருவர் விளக்கியே தெரிந்தது. அந்தப் பழுதுக்கு ஒரு வரலாறு உண்டு.

கணினியின் செயலி தனக்குரிய பொறிமொழி ஒன்றையே அறியும். பழைய முறையில் எழுதிய நிரல் அம்மொழிக்கு முன்கூட்டியே மாற்றப்பட்டு நம் கைக்கு வரும். ஜாவாவும் பின்னர் மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டும் வேறு வழியை மேற்கொண்டன. நிரல் ஓர் இடைமொழியில் வந்து சேரும். பயனரின் கணினியில் ஏற்கெனவே குடியிருக்கும் இயக்கச்சூழல் அதை ஓடும்போதே பொறிமொழிக்குப் பெயர்க்கும். நினைவகத்தை ஒதுக்குவதும் விடுவிப்பதும்கூட அதன் மேற்பார்வையில்தான். டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை வாய்த்ததுபோல் நிரலுக்கு ஒரு துபாஷி. துபாஷி இல்லாத வீட்டுக்கு அவரை அழைத்துவரும் பொறுப்பு நிறுவியைச் சேர்ந்தது. அந்த நிறுவியே துபாஷிக்கு மட்டும் புரியும் மொழியில் எழுதப்பட்டிருந்தால், வரச்சொல்லி எழுதிய கடிதத்தைப் படிக்கவும் அவரே வந்தாக வேண்டும்.

இச்சிக்கல் புதிதன்று என்பதே இதில் வியப்பு. 1998இல் வெளிவந்த விஷுவல் பேசிக் ஆறாம் பதிப்பிலும் நிரல்கள் ஓடுவதற்குத் தனி நூலகக் கோப்பு ஒன்று தேவைப்பட்டது. அதனுடன் வந்த நிறுவியும் விஷுவல் பேசிக்கில் எழுதப்பட்டதுதான். ஆனால் பயனர் சொடுக்கியது அதையன்று. பொறிமொழியிலேயே அமைந்த சிறு கோப்பொன்று முன்னே ஓடி, நூலகத்தைக் கணினியில் வைத்துவிட்டு, அதன்பிறகே உண்மையான நிறுவியை எழுப்பியது. 'செட்டப்', 'செட்டப் ஒன்று' என அவற்றுக்குப் பெயர்கூட வரிசைப்படியே இட்டிருந்தார்கள். நான்கே ஆண்டுகளில் இந்தப் பாடம் பலருக்கு மறந்துபோயிற்று.

விண்டோஸ் எக்ஸ்பி வெளியானது 2001 அக்டோபரில். டாட் நெட்டின் முதல் பதிப்பு 2002 பிப்ரவரியில். அந்த நான்கு மாத இடைவெளிதான் கேட்டின் தொடக்கம். அன்று உலகின் மேசைகளில் பரவிக்கொண்டிருந்த இயங்குதளத்துள் டாட் நெட் இல்லை. தனியே தருவிக்க வேண்டும். 2003இல் வந்த 1.1 பதிப்பின் பொதி ஏறத்தாழ 23 மெகாபைட். தொலைபேசி இணைப்பில் அதை இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், நடுவில் யாரும் தொலைபேசியை எடுக்காதிருந்தால். நிரலாளரின் கணினியிலோ அது எப்போதும் இருந்தது. தம் கணினியில் ஓடியதால் எல்லார் கணினியிலும் ஓடும் என்று நம்பிவிட்டார்கள்.

துபாஷி வீட்டில் இருந்தாலும் தொல்லை தீர்ந்துவிடவில்லை. 1999இல் ஆஃபீஸ் 2000 தொகுப்புடன் அறிமுகமான விண்டோஸ் இன்ஸ்டாலர் என்னும் நிறுவல் பொறி, கோப்புகளை வைப்பது, பதிவேட்டில் எழுதுவது போன்றவற்றைத் தானே செய்யும். இடையில் ஏதேனும் முறிந்தால் செய்ததையெல்லாம் திருப்பியும் விடும். அதற்கு மேற்பட்ட வேலை இருந்தால் நிரலாளர் தம் சொந்த நிரல்துண்டைச் செருகலாம். அத்துண்டை டாட் நெட்டில் எழுதியபோதுதான் வினை வந்தது. 2010இல் நான்காம் பதிப்பு வரும்வரை ஓடும் ஒரு செயல்முறைக்குள் ஒரே ஒரு டாட் நெட் பதிப்புக்குத்தான் இடம். ஒரு துண்டு 1.1ஐ எழுப்பிவிட்டால், அதே செயல்முறையில் பின்னால் வரும் 2.0 துண்டுக்கு நுழைய வழியில்லை. பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்படும் நிரல்தொகுதிகளோ நிறுவலின் இறுதிக் கட்டத்தில்தான் உறுதியாகின்றன. அதற்குமுன் அவற்றை நாடும் துண்டு வெறுங்கையோடு நிற்கும். நீக்கும் வேளைதான் எல்லாவற்றிலும் கொடிது. தேவையில்லை என்று பயனர் டாட் நெட்டை முதலில் நீக்கிவிட்டு, அதை நம்பியிருந்த மென்பொருளைப் பின்னர் நீக்க முனைவார். நீக்கும் துண்டு ஓட இயலாது; முறிந்ததென்று பொறி எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்துவிடும். வேலையும் செய்யாது, வெளியேயும் போகாது.

விண்டோஸ் இன்ஸ்டாலரை நன்கறிந்தோர் இதைத் தவிர்க்குமாறு எச்சரித்தே வந்தார்கள். அதே மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோவோ டாட் நெட் துண்டுகளைச் செருகச் சில சொடுக்குகளில் வழிசெய்து தந்தது. ஒரு கை தடுத்ததை மறு கை அழைத்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. வினாம்ப் பாட்டுக் கருவியை விநியோகிக்கப் பிறந்த நல்சாஃப்ட் நிறுவி, 1997இல் தோன்றிய இன்னோ செட்டப் ஆகியவை இவ்விடரில் சிக்கவில்லை. அவை உருவாக்கும் நிறுவிகள் பொறிமொழியில் அமைந்தவை, எவரையும் எதிர்பார்ப்பதில்லை.

தீர்வு இரண்டு நிலைகளில் வந்தது. மைக்ரோசாஃப்ட் 2004இல் திறந்த மூலமாக வெளியிட்ட விக்ஸ் கருவித்தொகுப்பின் மூன்றாம் பதிப்பு, டாட் நெட் துண்டைப் பொறியின் செயல்முறைக்குள் விடாமல், பொறிமொழி உறையொன்றில் பொதிந்து தனிச் செயல்முறையில் ஓடச்செய்தது. 2012இல் 3.6 பதிப்புடன் வந்த 'பர்ன்' என்னும் முன்னோடி இன்னும் ஒரு படி சென்றது. அதன் உள்ளம் பொறிமொழி. முகம் டாட் நெட்டாக இருக்கலாம். டாட் நெட் இல்லையென்றால் முதலில் எளிய முகமொன்றைக் காட்டி அதை நிறுவிவிட்டு, பிறகே அழகிய முகத்தை எழுப்பும். விஷுவல் பேசிக்கின் பழைய இரட்டைக் கோப்புதான், புத்தாடையில்.

அதே 2012இல் விண்டோஸ் 8 டாட் நெட் 4.5 பதிப்பை மட்டும் தன்னோடு கொண்டுவந்தது, 3.5 விருப்பத் தேர்வாயிற்று. 2.0 பதிப்புக்கென எழுதிய பழைய நிறுவிகள் மீண்டும் வாசலில் நின்றன. இயக்கச்சூழல் எங்கும் பரவிவிட்டால் இடர் தீரும் என்ற வாதம், பதிப்புகள் பெருகியபோது அவ்வளவாக எடுபடவில்லை.

பின்னர் காற்று திசைமாறியது. 2016இன் டாட் நெட் கோர், இயக்கச்சூழலை மென்பொருளுக்குள்ளேயே வைத்து அனுப்ப வழிசெய்தது. ஜாவாவும் 2021இல் அவ்வாறு பொதியும் கருவியைத் தன் பதினாறாம் பதிப்பில் நிலைப்படுத்தியது. 2022இல் வந்த டாட் நெட் ஏழாம் பதிப்பில் சிலவகை நிரல்களை முன்கூட்டியே முழுதும் பொறிமொழிக்கு மாற்றிவிடவும் முடிந்தது. துபாஷியே வேண்டாம் என்றாயிற்று. நிறுவியை எழுதுவோர்க்கு இது பெரும் விடுதலை. ஆயினும் கணினிக்கு ஒரு துபாஷி இருந்த காலத்தில் அவரிடம் பாதுகாப்புக் குறை கண்டால் விண்டோஸ் அப்டேட் ஒருமுறை வந்து திருத்திவிட்டுப் போயிற்று. இயக்கச்சூழலை உள்ளே பொதிந்து வரும் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் இன்று, அதை வெளியிட்டவரேதான் புதிய பொதியொன்றை ஆக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது.